மஞ்சள் நோட்டீசும் டிக்கன்ஸும்

2009-இல் மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஆங்கிலம் எடுக்கச் சேர்ந்தேன். காலையில் வங்கித் தேர்வு பேட்ச், மாலையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஜி.ஆர்.ஈ. எழுதுகிறவர்கள். இரண்டு பேட்சுக்கும் என் வைத்தியம் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு 40 சொல், வெள்ளிக்கிழமை டெஸ்ட். அப்போது ஜி.ஆர்.ஈ.யில் எதிர்ச்சொல் கேள்விகள் தனியாகவே வரும். பட்டியலை உருப்போட்டவன் பிழைத்துக்கொள்வான். 2011 ஆகஸ்டில் அதைத் தூக்கிவிட்டு, வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் அதற்கப்புறமும் இரண்டு வருடம் பட்டியலை விடவில்லை.

அதற்குத் தண்டனை கிடைத்தது, ஆனால் எனக்கில்லை, ஒரு பையனுக்கு. வங்கி நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர், அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்து, 'மை ஃபாதர் இஸ் எ பார்சிமோனியஸ் மேன்' என்றிருக்கிறான். குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, 'அவ்வளவு கஞ்சரா?' என்று கேட்டாராம்.

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'சிக்கனம்: ஃப்ரூகல், த்ரிஃப்டி, பார்சிமோனியஸ்' என்று ஒரே வரி. நான் பலகையில் எழுதிப் போட்டதுதான், கமா உட்பட. பெற்ற அப்பனைக் கஞ்சன் என்று சொல்ல வைத்தவன் நான்.

அடுத்த பேட்சில் 'இம்ப்ராவிடண்ட்' என்ற சொல் வந்தது. நாளைக்கு வேண்டுமே என்று எடுத்து வைக்கத் தெரியாதவர் என்று பொருள். ஊதாரி என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. பி.எஃப். தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன? அந்த 'ப்ராவிடண்ட்'தான் இது, முன்னால் ஓர் 'இம்' ஒட்டியிருக்கிறது என்றேன். சரி, அப்படி ஓர் ஆளைக் காட்டுங்கள் என்றான் ஒருவன். எம்.ஏ. படிக்கும்போது ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாறு படித்திருந்தேன். அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதியது. அதிலிருந்து டிக்கன்ஸின் அப்பாவை இழுத்து வந்து வகுப்பில் நிறுத்தினேன்.

ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். அடுத்தவர் சம்பளத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலை, சொந்தக் கணக்கு மட்டும் என்றைக்கும் இடிக்கும். நல்ல மனிதர், பேச்சு தாராளம், கை அதைவிடத் தாராளம். 1824 பிப்ரவரியில், ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக லண்டனில் மார்ஷல்சீ சிறையில் போட்டார்கள். வீட்டில் புத்தகத்தில் தொடங்கி ஒவ்வொரு சாமானாக அடகுக்கும் விற்பனைக்கும் போயிற்று. 12 வயது சார்லஸ் தேம்ஸ் கரையில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் கிடங்கில் வேலை பார்த்தான். பாலிஷ் டப்பாவின் வாயை எண்ணெய்த் தாளால் மூட வேண்டும், அதன்மேல் நீலத்தாள், அப்புறம் நூல் சுற்றி முடிச்சு, ஓரத்தை ஒழுங்காகக் கத்தரித்து லேபிள். தினம் 10 மணி நேரம், வாரத்துக்கு 6 ஷில்லிங்.

அன்று பலகையில் ஏறிய சொற்களுக்கு நான் பொருளே எழுதவில்லை. கொடும் வறுமையைச் சொல்லும் 'பென்யூரி' அடகுக்கடை வாசலில் நின்றது. 'இன்சால்வண்ட்' வந்தபோதுதான் வகுப்பு என் கையை விட்டுப் போனது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண், 'சார், ஐ.பி. குடுக்குறதுதானே இது?' என்றாள்.

அதேதான். கடனைக் கட்ட வழியில்லாதவன் கோர்ட்டில் போடும் இன்சால்வன்சி பெட்டிஷனைத்தான் நம் ஊரில் ஐ.பி. என்கிறோம். மஞ்சள் நோட்டீஸ், மஞ்சக் கடுதாசி எல்லாம் அதன் செல்லப்பெயர்கள். எத்தனை சினிமாவில் கேட்டிருப்போம்! அந்த 'ஐ' இந்த 'இன்சால்வன்சி'தான் என்று வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அவள் கேட்கும்வரை எனக்கும் இரண்டும் சேர்ந்து தோன்றியதில்லை.

லண்டன் மஞ்சள் நோட்டீஸ் எப்படி வேலை செய்தது என்றும் சொன்னேன். திவால் சட்டத்தின்படி விடுதலை வேண்டுமானால், குடும்பத்தின் கையில் மிஞ்சும் துணிமணிகளும் சொந்தச் சாமான்களும் 20 பவுண்டு மதிப்பைத் தாண்டக் கூடாது. பையன் போட்டிருக்கும் சட்டையும் அதில் சேர்த்தி. சார்லஸ் மதிப்பீட்டாளர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. பாட்டி கொடுத்த பெரிய வெள்ளிக் கடிகாரம் ஒன்று பையில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் விலை போட்டுவிடுவார்களோ என்று பையனுக்கு உதறல். சாப்பாட்டை மென்றபடி வெளியே வந்த அதிகாரி, பீர் வாடையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரவாயில்லை போ என்று அனுப்பிவிட்டார்.

அதே கிடங்கில் பாப் ஃபேகின் என்று ஒரு பையன். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தவன். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் வலி வந்தபோது காலி பாலிஷ் புட்டிகளில் வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தவனும் அவன்தான். சாயங்காலம் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று கூடவே வருகிறான். அப்பா இருப்பது ஜெயிலில் என்று எப்படிச் சொல்வது? சார்லஸ் பாலத்தருகே ஏதோ ஒரு வீட்டுப் படியில் ஏறி, இதுதான் எங்கள் வீடு என்று கைகுலுக்கி அவனை அனுப்பிவிடுகிறான். திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கதவையும் தட்டுகிறான். திறந்த பெண்ணிடம் கேட்கிறான்: ராபர்ட் ஃபேகின் வீடு இதுதானே?

இதற்குப் பெயர் 'சப்டர்ஃப்யூஜ்'. அந்தப் பேட்சில் ஒருவரும் இதை டெஸ்டில் தப்பவிடவில்லை. ஒத்தடம் கொடுத்தவன் பெயரைத்தான் பிற்பாடு டிக்கன்ஸ் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் திருட்டுக் கும்பல் தலைவனுக்கு வைத்தார் என்றதும், 'துரோகம் சார்' என்று ஒருவன் கத்தினான். அதற்கும் ஒரு சொல் கொடுத்தேன்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வகுப்பு ஓடியது. 'சர்கம்லோக்யூஷன்' என்றால் சுற்றி வளைத்துப் பேசுவது. எந்த வேலையையும் நடக்க விடாமல் பார்த்துக்கொள்ளும் ஓர் அரசு அலுவலகத்துக்கு டிக்கன்ஸ் அந்தப் பெயரை வைத்தார். வருமானச் சான்றிதழுக்கு மூன்று முறை அலைந்தவர்கள் நிறைந்த வகுப்பில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லாம் நான் போட்ட பாதையில் போகவில்லை. டிக்கன்ஸைக் கஷ்டப்பட்டு மேலே வந்த நல்லவராகவே சொல்லிக்கொண்டு வந்தேன். 22 வருட மணவாழ்க்கை, 10 பிள்ளைகள், அதற்கப்புறம் 1858-இல் மனைவியைப் பிரிந்ததை மட்டும் ஒரு வரியில் கடக்கப் பார்த்தேன். ஒரு மாணவி விடவில்லை. பிரிவுக்குத் தன் பக்க நியாயத்தை, குடும்பங்கள் படிக்க என்று தானே நடத்திய வார இதழில் அச்சுப்போட்டார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முந்தைய வார நோட்டைப் புரட்டி, 'அப்ப இவரு சாங்ட்டிமோனியஸ்தானே சார்?' என்றாள். உத்தமர் வேஷம் போடுகிறவர் என்று பொருள். பொருந்துகிறதா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை, அதுவும் ஆங்கிலத்தில். நான் வாயைத் திறக்கவில்லை.

ஐ.பி. என்று சொன்ன பெண் அந்தச் சண்டையில் சேரவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள்.

'சார், ஜெயில்ல இருந்து வந்தப்புறம் அவங்க அப்பா திருந்துனாரா?'

இல்லை என்றேன். மூன்று மாதம் போல உள்ளே இருந்துவிட்டு வந்தார். அப்புறமும் கடன்தான். ஆனால் ஒன்று, சார்லஸை மறுபடியும் கிடங்குக்கே அனுப்பலாம் என்று அம்மா நின்றபோது, வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும் என்று சொன்னவர் அவர்தான். மகன் அம்மாவை அதற்காகக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்பாவையோ மிக்காபர் என்று ஒரு பாத்திரமாக்கி உலகத்தையே சிரிக்க வைத்தார்.

'கடனை யாரு அடைச்சா?'

மகன்தான், பல தடவை. பேர் வாங்கிய பிறகு, அந்தப் பேரைச் சொல்லியே அப்பா பதிப்பாளர்களிடம் கைநீட்டினார். பொறுக்க முடியாமல் மகன் 1841-இல் வக்கீலை வைத்துப் பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுத்தார். நானும் என் மனைவியும் வாங்கிய கடனைத் தவிர, என் குடும்பப் பெயரைச் சொல்லி வேறு யார் வாங்கினாலும் நான் பொறுப்பில்லை என்று.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். 'எங்க பெரியப்பாவும் பேப்பர்ல போட்டாரு சார். எங்க அப்பா போட்டோவோட.' பிறகு அறிவிப்பை வரி பிசகாமல் ஒப்பித்தாள்: 'இவருடைய எந்தவிதக் கொடுக்கல் வாங்கலுக்கும் நாங்கள் பொறுப்பல்ல.'

துடைத்து வைத்திருந்த பலகையில் 'ரெப்யூடியேட்' என்று எழுதினேன். அவள் நோட்டைத் திறந்தாள்.