தென்னை நாரிலிருந்து லிக்னின் பசை: பட்டறை நாட்குறிப்பு, போச்சம்பள்ளி

பிப்ரவரி 4

லிக்னின் என்பது செடி, மர இழைகளை ஒட்டிப் பிடித்து வைக்கும் இயற்கைப் பொருள். அதை நாரிலிருந்து பிரித்து ஒட்டுப்பலகைப் பசை செய்வதுதான் வேலை. நார் மில்லில் கழித்துப் போடும் குட்டை நார், தூசி சலித்து வெயிலில் காய்ந்தது, 500 கிராம். தைலமரத் தூளும் கிடைக்கும். ஆனால் பசைக்கு நார்தான் நல்லது. தைலமர லிக்னினில் பெரும்பகுதி சிரிங்கில் வகை. அதன் வளையத்தில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிக்கு இரு பக்கமும் மெத்தாக்சி (OCH₃) தொகுதி உட்கார்ந்திருக்கும். பசை இறுகும்போது பிணைப்பு விழ வேண்டிய இடமே அதுதான். நாரில் ஒரு பக்கம் காலியாக இருக்கும் குவாயசில் வகை அதிகம். அளவும் கூடுதல்: மரத்தில் 20–30 சதவீதம், நாரில் 40-ஐ ஒட்டி.

5 லிட்டர் தண்ணீர், 100 கிராம் காஸ்டிக் சோடா, 12 லிட்டர் எவர்சில்வர் குக்கர். பாதிக்கு மேல் நிரப்பினால் நுரையும் நாரும் ஏறி ஆவித் துளையை அடைக்கும். அலுமினியக் குக்கர் ஆகவே ஆகாது. காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜனை விடும். 120 டிகிரியில் 3 மணி நேரம். முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

பிப்ரவரி 5

துணியில் பிழிந்ததில் கருஞ்சாறு (லிக்னின் கரைந்த காஸ்டிக் நீர்) 4 லிட்டர். பசை நன்றாக வருவதும் கெடுவதும் இன்றைய வேலையில்தான்.

கந்தக அமிலம் 10 சதவீதம், ஒரு லிட்டர் (தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றி அல்ல). கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக விட்டோம். பிஎச் (அமில–கார அளவு, குறையக் குறைய அமிலம்) 9-க்குக் கீழே லிக்னின் பிரிந்து சாறு கலங்க ஆரம்பித்தது. 5-இல் அச்சு அசல் ராகிக் கூழ்: அதே நிறம், அதே கொழகொழப்பு. 2.5-இல் நிறம் வெளுத்துக் காபித்தூள் ஆனது. நுரை பொங்கும், பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும்.

அப்படியே வடிகட்டப் போனால் துணி அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்கத் தொங்கவிட்டாலும் சொட்டாது. 65 டிகிரிக்குச் சூடாக்கி 45 நிமிடம் வைத்தால் துகள்கள் ஒன்றுகூடி மணலாகப் படியும். சூடு 80-ஐத் தாண்டினால் இளகித் தார் உருண்டையாகப் பாத்திரத்தில் ஒட்டும்.

காகித ஆலையின் கிராஃப்ட் கருஞ்சாற்றில் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அதில் சல்ஃபைடு உண்டு. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், ஆளையே கொல்லும்.

பிப்ரவரி 6

கழுவல். முதல் இரண்டு தண்ணீரும் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கொண்டுவந்தவை. கடைசியில் மட்டும் கொஞ்சம் வெறும் தண்ணீர். எடுத்த எடுப்பில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பும் அமிலமும் போய்த் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும், வண்டல் ஊதும், வடிநீர் பழுப்பாகும். அந்தப் பழுப்புதான் கையை விட்டுப் போகும் லிக்னின். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தின்று பிஎச்சை ஏற்றிவிடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தோம்.

வடிநீரைச் சுண்ணாம்பு போட்டுச் சமன் செய்தாலும் ஏரிக்கோ கிணற்றுப் பக்கமோ விடக் கூடாது.

பிப்ரவரி 10

நிழலில் காய்ந்தது. 62 கிராம். 120 டிகிரி வேகலுக்கு இவ்வளவுதான். ஆலைகளில் 160–170 போகிறார்கள். ஒரு சிட்டிகையைக் காஸ்டிக் தண்ணீரில் கரைத்தால் அடியில் எதுவும் தங்கவில்லை. மண் இல்லை என்று பொருள்.

பிப்ரவரி 12

லிக்னின் தனியாக இறுகுவதில் மந்தமானது. துணைக்கு ஆவாரம்பட்டை டானின் (பட்டையின் துவர்ப்புப் பொருள்). பட்டை 1 கிலோ, தண்ணீர் 5 லிட்டர், 75 டிகிரி, 2 மணி நேரம். வடித்து, இளஞ்சூட்டில் வற்றவைத்தோம். இரும்புச் சட்டி வேண்டாம். ஒரு கரண்டி பட்டால்கூட மை மாதிரி கறுத்துவிடும்.

பிப்ரவரி 14

லிக்னின் 60 கிராமைத் தண்ணீர் 78 கிராமில் சிறுகச் சிறுகத் தூவி, காஸ்டிக் கரைசலால் பிஎச்சை 12-க்கும் 12.5-க்கும் நடுவில் நிறுத்தினோம். லிக்னினைப் பிணைக்க 40 சதவீத கிளையாக்சால் 35 கிராம். 58 டிகிரியில் 8 மணி நேரம் கிளறல். மொத்தமாகக் கொட்டினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டும். பிறகு கரையவே கரையாது.

பிப்ரவரி 15

உலர்ந்த டானின் 40 கிராமைத் தண்ணீர் 50 கிராமில் கரைத்து, பிஎச் 10-க்கு ஏற்றி, டானினை இறுக்க ஹெக்சமைன் 2 கிராம் சேர்த்து லிக்னினோடு கலந்தோம். மலைவேம்பு வெனீர் (மெல்லிய மரத் தகடு), 20-க்கு 20 செ.மீ., மூன்று அடுக்கு. ஒரு பசைக்கோட்டுக்கு (இரு அடுக்குக்கு நடுவே) 6 கிராம். 10 டன் ஜாக்கில் 4.8 டன் அழுத்தம் (சதுர செ.மீ.க்கு 12 கிலோ), 170 டிகிரி, 6 நிமிடம்.

தடவிய கையோடு அழுத்திய பலகை கொப்புளம் விட்டது. பசையில் தண்ணீர் பாதிக்கு மேல்; ஆவிக்குப் போக வழியில்லை. இரண்டாவதை 40 நிமிடம் ஆறவிட்டு அழுத்தி, கடைசி நிமிடத்தில் ஜாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியதில் கொப்புளம் இல்லை.

பிப்ரவரி 18

24 மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் இரண்டாவது பலகை பிடித்து நின்றது. பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் ஒட்டுப்பலகை) தரத்துக்கு 8 மணி நேரக் கொதி தாங்க வேண்டும். மூன்றாவது மணியில் ஒரு மூலை வாய் பிளந்தது. கத்தி நுழைத்துப் பிரித்தால் ஓரத்தில் பசை வழவழவென்று விட்டிருக்கிறது, நடுவில் மர இழை பசையோடு கிழிந்து வந்திருக்கிறது. நடுவில் வெந்திருக்கிறது, ஓரத்தில் வேகவில்லை. அழுத்தும் தட்டின் விளிம்பில் சூடு குறைவு. அடுத்த பலகைக்கு 190 டிகிரி, தட்டைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பட்டை.