அரண்மனையில் தங்கிய அங்கி, ஊருக்கு இறங்கி வந்த அங்கி

சேலம் அம்மாபேட்டையில் தறிச்சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு எந்தப் பட்டைக் கண்டாலும் முதலில் புட்டாவை எண்ணத்தான் தோன்றும். கொரியத் தொடர்களை விடாமல் பார்க்கும் என் அக்காள் மகள், அந்நாட்டு அரச குடும்பத்தின் இரண்டு மணக்கோலங்களைக் கைப்பேசியில் காட்டி, "சித்தி, இதில் எது கல்யாணப் பெண்ணின் உடை?" என்று கேட்டாள். இரண்டுமே என்பதுதான் விடை. ஆனால் முன்னது அரசியாகப் போகிறவளுக்கு உரியது, பின்னது அரண்மனையை விட்டுப் புகுந்த வீட்டுக்குச் செல்லும் இளவரசிக்கு உரியது. இந்த ஒரு வேறுபாடே இரண்டு உடைகளின் பிற்காலத்தையும் தீர்மானித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொரியாவில் 1392 முதல் 1897 வரை நீடித்த ஜோசன் அரசில் மன்னரின் திருமணம் ஆறு சடங்குகளாக நடந்தது. பெண் கேட்டு ஓலை அனுப்புதல், பரிசப்பொருள் அனுப்புதல், நாள் குறித்தல் ஆகியவை முடிந்தபின் நான்காவதாகப் பெண்ணுக்கு அரசிப் பட்டம் சூட்டுவார்கள். மன்னர் அவளை நேரில் அழைத்துவருவதும், இருவரும் மதுக்கிண்ணம் பகிர்வதும் அதற்குப் பிறகுதான். மனைவியாவதற்கு முன்பே அவள் அரசியாகிவிடுகிறாள். அந்தப் பட்டத்துக்கு உரிய உடையே ஜொகுயி. 1759-இல் மன்னர் யோங்ஜோ தமது 66-ஆம் வயதில் 15 வயதுப் பெண்ணை மணந்தபோது, செலவான துணி முதல் ஊர்வலத்தில் சென்றவர்களின் வரிசை வரை எழுத்திலும் ஓவியத்திலும் பதிந்துவைத்தார்கள். இத்தகைய அரசச் சடங்குப் பதிவேடுகளை யுனெஸ்கோ 2007-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. வயதுக் கணக்கைப் படிக்கும்போது எழும் கசப்பை விழுங்கிக்கொண்டுதான் அந்த ஓவியங்களின் அழகைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜொகுயியின் அடையாளம் பெசன்ட் என்னும் நீண்ட வாலுடைய காட்டுக்கோழி. ஜோசன் காலத்தில் அரசியின் ஜொகுயி சிவப்பாக இருந்தது. 1897-இல் கொரியா தன்னைப் பேரரசாக அறிவித்துக்கொண்ட பிறகு, பேரரசிக்கு அடர்நீலம் வந்தது. அந்த நீலத்தில் காட்டுக்கோழிகள் சோடி சோடியாக, வரிசை வரிசையாக, தைக்கப்படாமல் தறியிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. பேரரசிக்கு 12 வரிசை, பட்டத்து இளவரசரின் மனைவிக்கு 9 வரிசை. சேஜோங் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள 12 வரிசை அங்கியில் 154 சோடிகள் இருக்கின்றன. கொரியத் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள 9 வரிசை அங்கியில் 138. பல நிற ஊடை கொடுத்து, இடையிடையே சிறு பூக்களையும் விட்டு, தோளிலிருந்து தரைவரை வரிசை பிசகாமல் புட்டா போடுவது எத்தகைய வேலை என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெண்பட்டு நெய்யும் எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேசியபோது, அழகைக் காட்டிலும் அதற்குப் பிடித்திருக்கக்கூடிய நாள்களைப் பற்றியே எல்லோரும் வியந்தார்கள்.

அந்த 9 வரிசை அங்கி, ஜப்பானிய அரச மரபில் பிறந்து 1920-இல் கொரியப் பட்டத்து இளவரசர் இ உன்னை மணந்த இ பாங்ஜாவினுடையது. 1922-இல் சியோலுக்கு வந்து, கொரியாவின் கடைசிப் பேரரசராக இருந்த சுன்ஜோங்கை வணங்கியபோது அவர் அதை அணிந்தார். நாடு அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அங்கியும் நெடுங்காலம் ஜப்பானில் இருந்து, 1991-இல்தான் கொரியாவுக்குத் திரும்பியது.

ஜொகுயியுடன் அணிந்த தலைக்கோலத்துக்குத் தெசு என்று பெயர். பொய்முடியைத் தோளகலத்துக்கு இருபுறமும் விரித்து, அதில் நீண்ட கொண்டை ஊசிகளையும் தொல்ஜாம் என்னும் அணிகளையும் செருகுவார்கள். தொல்ஜாமில் சிறு பறவைகளும் பூக்களும் மெல்லிய கம்பிச் சுருள்களின் நுனியில் நிற்கின்றன; அணிந்தவள் ஓர் அடி எடுத்துவைத்தாலும் அவை நடுங்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்களிடம் காட்டினால் அந்தச் சுருளைத்தான் முதலில் பார்ப்பார்கள். மன்னரின் மகுடத்துக்கு முன்னும் பின்னும் ஒன்பது மணிச்சரங்கள் தொங்கின. அரசியின் தலையோடு ஒப்பிட்டால் அது எளிய சுமை.

பொய்முடி மோகம் அரண்மனையோடு நிற்கவில்லை. மாமனார் உள்ளே வந்ததைக் கண்டு சட்டென்று எழுந்த 13 வயது மருமகள் ஒருத்தி, தலைப்பாரம் தாங்காமல் கழுத்து முறிந்து இறந்தாள் என்று 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் இ தொக்மு எழுதியிருக்கிறார். யோங்ஜோ 1756-இல் பொய்முடிக்குத் தடை விதித்து, ஜொக்துரி என்னும் சிறிய கருந்தொப்பியை அணியச் சொன்னார். அவருடைய பேரன் ஜொங்ஜோ 1788-இல் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பெண்களோ அந்தத் தொப்பியின் மேலேயே மணிகளையும் முத்துகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். இன்று கொரிய மணப்பெண்ணின் உச்சியில் நாம் காண்பது அந்த ஜொக்துரியைத்தான்.

புகுந்த வீட்டுக்குச் செல்லும் இளவரசியின் மண உடையான ஹ்வாரொட் வேறு வகை. சிவப்புப் பட்டின் மேல் பியோனி, தாமரை, பட்டாம்பூச்சி, பீனிக்ஸ் என்று ஊசிவேலை நிறைந்திருக்கும். அணிந்தவர் யார், எந்த ஆண்டு என்பது உறுதியாகத் தெரிந்த ஹ்வாரொட் ஒன்றே ஒன்று: மன்னர் சுன்ஜோவின் மகள் போகொன் இளவரசி 1830-இல் அணிந்தது. இளவரசி மணந்து செல்வது அரசரின் குடிகளுள் ஒருவருடைய வீட்டுக்கு. அவளோடு அந்த உடையும் மதிலுக்கு வெளியே போனது. சாமானியப் பெண்களுக்கும் திருமணத்தன்று மட்டும் ஹ்வாரொட் அணிய இசைவு கிடைத்தது. மாப்பிள்ளைக்கும் அன்று ஒருநாள் அரசு அதிகாரியின் அங்கியும் தொப்பியும் உண்டு. தனியாக வாங்க வசதியில்லாத ஊர்களில் ஒரே அங்கியைப் பல வீட்டு மணப்பெண்களும் மாறி மாறி அணிந்தார்கள். முகூர்த்த மாதங்களில் சேலத்துக் கடைகளில் மணப்பெண் நகைத்தொகுப்பை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஜொகுயிக்கு அந்த வாய்ப்பே இல்லை. பதவிக்கு உரிய உடையை யாருக்கும் இரவல் தர முடியாது.

பி.டி.எஸ். என்னும் கொரியப் பாடகர் குழுவின் ஆர்.எம். கொடுத்த நன்கொடையில் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தின் ஹ்வாரொட் ஒன்று செப்பனிடப்பட்டு, 2023-இல் சியோலில் காட்சிக்கு வந்தது. என் அக்காள் மகளுக்கு இந்தச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி நான் ஈடுகட்டினேன். சாங்தோக் அரண்மனையிலிருந்து கிடைத்த ஹ்வாரொட்டை ஆய்ந்தபோது, வெளிப்பட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே விறைப்புக்காகக் காகிதம் வைத்திருப்பது தெரிந்தது. அது 1880-இல் நடந்த அரசுத் தேர்வில் தேறாதவர்களின் விடைத்தாள்.