ஒரு வரிக்காக மூன்று நாள்

வாடிக்கையாளரின் கணக்காளரிடம் இருந்த ஐபோன் 7-இல் மட்டும் எங்கள் பில் பக்கம் திறக்கவில்லை. வெறும் வெள்ளைத் திரை. தொகைக்குக் காற்புள்ளி போட நான் எழுதிய ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான், அதாவது எழுத்துகளில் வடிவம் தேடும் குறியீடுதான் காரணம். புள்ளிக்குப் பின்னால் வரும் பைசாவில் காற்புள்ளி விழாமலிருக்க அதில் லுக்பிஹைண்ட், அதாவது ‘முன்னால் என்ன இருக்கிறது’ என்று பார்க்கும் நிபந்தனை வைத்திருந்தேன். சஃபாரிக்கு அந்த வசதி 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான் வந்தது. அந்த போனோ ஐஓஎஸ் 15-ஐத் தாண்டாது. ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

வசதி இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் மாற்று வழியில் போகலாம் என்று அந்த வரியை, பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்சுக்குள் போட்டேன். மறுபடியும் வெள்ளைத் திரை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே பிரவுசரின் எஞ்சின் கோப்பைப் படித்துப் பார்க்கிறது. அப்போதே இலக்கணம் புரியாவிட்டால் மொத்தக் கோப்பையும் தள்ளிவிடுகிறது. தீயணைப்பு வண்டியை எரிகிற வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தேன்!

அடுத்து பிரவுசரின் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். குரோமில் 62-ஆம் பதிப்பிலிருந்தே லுக்பிஹைண்ட் உண்டு. கணக்காளர் பயன்படுத்துவதும் குரோம், எண்ணும் நூறைத் தாண்டியது. நம்பி ஏமாந்தேன். அந்த ஐபோனில் குரோம் என்பது மேல்சட்டைதான், உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட். இதை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேர பஸ் பயணம்.

மூன்றாவதாக, சோதனை வரியைச் சரமாக்கி (வெறும் எழுத்துத் தொடராக்கி), அதை ஓடும்போது குறியீடாக மாற்றும் ஃபங்ஷன் கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்தேன். என் கணினியில் அருமையாக ஓடியது. வாடிக்கையாளரின் சர்வரிலோ பாதுகாப்புக் கொள்கை அப்படிச் சரத்திலிருந்து உருவாகும் குறியீட்டையே தடுக்கிறது. விளைவு, புத்தம் புதிய போன்களுக்கெல்லாம் ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்ற அறிவிப்பு. அன்று வந்த தொலைபேசி அழைப்புகளை எண்ணவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, ஓடும்போது ரெகுலர் எக்ஸ்பிரஷனை உருவாக்கும் ரெகெக்ஸ்ப் (RegExp) கன்ஸ்ட்ரக்டர். வடிவத்தைச் சரமாகக் கொடுத்தால் பிழை ஓடும்போதுதான் எழும், கேட்ச் அதைப் பிடித்துவிடும், பாதுகாப்புக் கொள்கையும் குறுக்கே வராது. சரத்துக்குள் பின்சாய்வுக்கோட்டை இரட்டிக்க மறக்காதீர்கள். நான் மறந்து அரை மணி நேரம் விழித்தேன்.

அப்படியும் திரை வெள்ளைதான். எல்லாக் குறியீட்டையும் சேர்த்துக் கட்டி முடித்த கோப்பில், லுக்பிஹைண்டின் அடையாளமான கேள்விக்குறி, சிறியது குறி, சமக்குறி மூன்றும் சேர்ந்து வரும் இடங்களைத் தேடினேன். தேதி காட்ட நான் சேர்த்திருந்த, பிறர் எழுதிய குறியீட்டு நூலகம் ஒன்றுக்குள் இன்னொரு லுக்பிஹைண்ட் ஒளிந்திருந்தது! என் கோப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது முட்டாள்தனம். நூலகத்தின் பழைய பதிப்புக்குத் திரும்பினேன்.

காற்புள்ளி வேலையையோ பிரவுசரே இந்திய முறையில் செய்து தருகிறது. லுக்பிஹைண்டும் போயிற்று, சோதனையும் போயிற்று.

கணக்காளர் போனில் 1,23,456.50 ஒழுங்காகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தவர், “எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா, தம்பி?” என்றார்.