பாரி வளைவு வரை பேச்சு, அதற்குமேல் போட்டி

ஏலகிரி மலைப்பாதையில் சைக்கிளில் ஏறும்போது லோகோ அண்ணாவை நான் இன்னும் முந்தவில்லை. ஆனால் இடைவெளி நன்றாகக் குறைந்திருக்கிறது. எதனால் குறைந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டும் வேலை. அவருடைய டியூட்டியைப் பார்த்துத்தான் எங்கள் பயிற்சி நாள் முடிவாகும். விடிவதற்குள் மலையடிவாரத்துப் பொன்னேரி கூட்டு ரோட்டில் சந்தித்து ஏறத் தொடங்குவோம். போட்டி என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இன்னைக்கு மெதுவா போலாம் தம்பி" என்பார், நானும் "சரிண்ணா" என்பேன்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். பாவேந்தரில் தொடங்கி அவ்வையார் வரை முதல் ஏழுக்கும் புலவர்கள் பெயர். பாரியில் தொடங்கிப் பேகன் வரை அடுத்த ஏழுக்கும் கடையெழு வள்ளல்கள் பெயர். புலவர்களைக் கடக்கும்வரை அண்ணா வீடு, பிள்ளைகள், ரயில் தாமதம் என்று பேசிக்கொண்டே வருவார். பாரி வளைவு தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். அங்கிருந்து இருவருக்கும் தெரியும்.

வாணியம்பாடி - திருப்பத்தூர் சாலையில் சேர்ந்து ஓட்டும் நாட்களில் அவரோடு ஒட்டிப் போவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை நெருங்கிப் போனால் உழைப்பில் கால்வாசிக்கும் மேல் மிச்சமாகும். மலையில் வேகம் பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். அங்கே காற்றுக்கு வேலை குறைவு, ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. உடல் எடையும் கால் பலமும்தான் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஒரு கிலோ குறைந்தால் ஏறும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். அதனால் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன். பலன் மெதுவாகத்தான் தெரிந்தது.

சீக்கிரம் பலன் தந்தது கியர். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் பெரிய சக்கரத்துக்கு 28 பல் இருந்தது, அதை மாற்றி 32 பல் உள்ளதைப் போட்டேன். முன்பு நிமிடத்துக்கு அறுபது சுற்றுகூட மிதிக்க முடியாத ஏற்றத்தில் இப்போது எழுபதுக்கு மேல் வருகிறது. தொடை எரிச்சல் தள்ளிப்போகிறது, வள்ளல்கள் பகுதிக்கு வரும்போது காலில் சக்தி மீதி இருக்கிறது. மலை ஏற நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விலை உயர்ந்த சைக்கிள் எல்லாம் அப்புறம்.

இன்னொன்றை அண்ணாவுக்குப் பின்னால் போய்ப் போய்த்தான் கவனித்தேன். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு நம் பங்குக்கு வரும். அந்தச் சில மீட்டர் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும். வலப்பக்கம் திரும்பும்போது வெளிவட்டம், தூரம் கூடுதல், ஏற்றம் குறைவு. அண்ணா வெளிவட்டத்தில் மூச்சைச் சேர்த்துக்கொள்வார். உள்விளிம்பு வந்ததும் இருக்கையை விட்டு எழுந்து நாலு மிதி மிதிப்பார். இடைவெளி அங்கேதான் விழும். இப்போது நானும் அந்த வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்து, அவரோடு சேர்ந்தே எழுகிறேன்.

போன மழைக்காலத்தில் பொன்னேரியிலிருந்து பேகன் வளைவு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது 54 நிமிடம். கடைசியாக ஏறியபோது அதியமான் வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். நள்ளியில் அவர் எழுந்தார், நானும் எழுந்தேன். பேகனுக்கு முன்னால் மூன்று சைக்கிள் நீளம் போனார், என்னால் அதை மூட முடியவில்லை. மேலே நின்று தண்ணீர் குடித்தபடி, "இனிமே பாரி வரைக்கும் பேசிட்டு வர முடியாது போல" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இறங்கும்போது மட்டும் போட்டியே கிடையாது. வளைவில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துத் திரும்பும், குரங்குகள் குறுக்கே ஓடும். அண்ணா முன்னால், நான் இடைவெளி விட்டுப் பின்னால், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்குவோம்.

அடுத்ததாக, கடைசி மூன்று வளைவுகளை மட்டும் தனியாக ஏறி இறங்கிப் பழகப் போகிறேன். அண்ணா இரவு டியூட்டியில் இருக்கும் வாரத்தில்.