சணல் கட்டிய சீசா

1983 ஆடியிலிருந்து 1985 பங்குனி வரை என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு செட்டியார் வீட்டு முகப்பில் கழிந்தன. காரைக்குடியை அடுத்த புதுவயலுக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கும். பணி ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் கேட்டுக்கொண்டதற்காக முகப்பையும் இரண்டு திண்ணைகளையும் வாரம் ஒரு நாள் இலவச வைத்தியத்துக்கு விட்டிருந்தார்கள். உள்முற்றமான வளவுக்குள் யாரும் போகக் கூடாது, தூணில் ஆணி அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். நண்பர்கள் மரம் நட்டார்கள், ஊருணி தூர் வாரினார்கள். நான் வேதியியல் மாணவன் என்று தெரிந்ததும் டாக்டர் ஐயா, "தம்பி, பெனடிக்ட் கரைசல் போடத் தெரியுமா?" என்று கேட்டார். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிற நீலக் கரைசல் அது. தெரியும் என்றேன். 120 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் போவதை நிறுத்தவில்லை.

ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், சோடியம் கார்பனேட் 100 கிராம். எங்கள் ஆசிரியர் அனுமதியோடு சனிக்கிழமை மாலை கல்லூரி ஆய்வுக்கூடத்துத் தராசில் நிறுத்துக் கரைத்து, மறுநாள் சைக்கிள் கூடையில் வைக்கோல் சுற்றி எடுத்துப் போவேன். கோட்டையூர் வழியாகப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மிதிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் அப்போது சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின்மேல்தான் கண். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து நம் காரைக்குடிக்கு வரவழைத்த ஆய்வகம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். அங்கே வேலை கிடைக்கவேண்டும் என்று கொப்புடையம்மனிடம் வேண்டிக்கொள்ளாதவன் இல்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் செம்பு என்ன செய்யும் என்பதை நான் உண்மையில் கற்றது அந்த முகப்பில்தான்.

சோதனை எளிது. கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசல் 5 மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இறங்கவில்லை. பச்சை வந்தால் கொஞ்சம், மஞ்சள் வந்தால் அதற்கு மேல், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். செங்கல் நிறம் வரும்போது குழாயின் அடியில் முதலில் ஒரு கலங்கல் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். சிறுநீர்ச் சீசா கொண்டு வந்தவர் திண்ணையில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த ஐந்து நிமிடமும் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதற்கே எனக்குப் பல மாதம் பழக வேண்டியிருந்தது. நீலம் வந்தால் நோயே இல்லை என்று சொல்லிவிடாதே என்று டாக்டர் ஐயா அடிக்கடி எச்சரிப்பார். இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் நீரில் இறங்கும். இன்று சிங்கப்பூரில் எங்கள் வீட்டு மேசையில் இருக்கிற கருவி ஒரு சொட்டு இரத்தத்தில் ஐந்து நொடியில் எண்ணைக் காட்டிவிடுகிறது.

கம்பவுண்டர் அண்ணன் கலவை மருந்தை ஊற்றி, சீசாவின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு கோடாகக் கத்தரித்த தாளை ஒட்டித் தருவார். மாத்திரைப் பொட்டலத்தில் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை வரைவது என்னோடு வந்த மாணவிகளின் வேலை. வயிற்றுப்போக்குக் காலத்தில் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்று திண்ணையிலேயே கலக்கிக் காட்டுவார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் அரிசி ஆலைப் பெண்கள். மறுபாதியில் பெரிய வீட்டு ஆச்சிகள் நிறையப் பேர் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நமக்குத் தெரியும்: ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீட்டில் ஆச்சி ஒருத்தி மட்டும் இருப்பார். பிள்ளைகள் மெட்ராஸில், மலேசியாவில். கூட்டித் துடைக்க ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு விளக்கு. அவர்களுக்கு மருந்தைவிட, "எப்படி இருக்கீங்க ஆச்சி" என்று யாராவது கேட்பது தேவையாக இருந்தது. ஆலைப் பெண்ணும் ஆச்சியும் ஒரே திண்ணையில் வரிசை காத்து உட்கார்ந்திருந்ததை அந்த ஊரில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

1984 மாசியில் தவறு செய்தேன்.

நம் பக்கத்தில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம். மீனாட்சி, வள்ளியம்மை, உமையாள், விசாலாட்சி என்று அதே பெயர்கள்தான் தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வரும். அதனால்தான் செட்டியார் வீடுகளில் பெயருக்கு முன்னால் அத்தனை விலாச எழுத்துகள். இதெல்லாம் தெரிந்தும் சீசாவில் வெறும் பெயரை மட்டும் எழுதி வந்தேன். அன்றைக்கு ஒரே பெயரில் இரண்டு சீசா. ஒன்று நீலம், ஒன்று செங்கல் நிறம். செங்கல் நிறத்தை ஆச்சியின் சீட்டில் எழுதினேன். நீலத்தை ஓர் ஆலைப் பெண்ணின் சீட்டில் எழுதினேன். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

டாக்டர் ஐயாவுக்கு அப்போதே சந்தேகம். ஆச்சிக்குத் தாகம் இல்லை, இரவில் எழுந்திருப்பது இல்லை, எடை குறையவில்லை. மாத்திரை எழுதாமல், "ஒரு வாரம் சீனியை மட்டும் நிறுத்துங்க, அடுத்த ஞாயிறு மறுபடி பார்ப்போம்" என்று அனுப்பினார். அடுத்த ஞாயிறு பளிச்சென்று நீலம். பதிவேட்டைப் புரட்டி இரண்டு பெயர்களையும் பார்த்தவர் என்னைத் திட்டவில்லை. "அந்தம்மா எந்த ஆலை?" என்று மட்டும் கேட்டார்.

ஆச்சியிடம் போய் நின்றேன். மகனுக்கு வியாதி என்று கடிதமே போட்டுவிட்டாராம். "ஒரு வாரம் சீனி இல்லாமக் காப்பி குடிச்சதுல ஒண்ணும் கெட்டுப் போகல. நீ இங்க நின்னுக்கிட்டு இருக்காம அந்தப் பிள்ளையப் போயிப் பாரு மொதல்ல" என்றார்.

உச்சிவெயிலில் புதுவயல் ஆலைக்குப் போனேன். அவித்த நெல்லின் வாடை ரோட்டுக்கே வந்தது. சிமெண்டுக் களம் முழுக்கப் புழுங்கல் நெல் பரப்பியிருந்தது. பெண்கள் வெறுங்காலால் நெல்லைத் தள்ளித் தள்ளிச் சால் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். நெல்லை மிதிக்கும்போது செருப்புப் போடுவது அங்கே யாருக்கும் ஆகாது. நான் சைக்கிளை நிறுத்திக் களத்தின் ஓரத்தில் காலை வைத்தேன். செருப்பையும் மீறிச் சுட்டது. மற்றவர்கள் ஒரு சுற்று வந்து நிழலுக்கு ஒதுங்கினார்கள். அவர் மட்டும் நடுக்களத்தில் நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தார். "எனக்குச் சூடு உறைக்காது தம்பி. அதான் மத்தியானத்துக் களத்துக்கு என்னையத்தான் விடுவாங்க" என்றார். பெருமையாகச் சொன்னார். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். இடது பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். அதற்குள் ஒரு நெல் புதைந்திருந்தது. அப்படி ஒரு புண் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சீனி நரம்பைத் தின்றுவிட்டால் வலி தெரியாது என்று டாக்டர் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த நெல்லைப் பார்த்தபோதுதான் அது புரிந்தது.

சைக்கிள் கேரியரில் வைத்து அழைத்து வந்தேன். அவர் கண்ணெதிரே மறுபடி சோதித்தேன். மூன்று நிமிடத்திலேயே செங்கல் நிறம். டாக்டர் ஐயா நெல்லை எடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினார், மாத்திரை தொடங்கினார். புண் ஆற வைகாசி ஆயிற்று. விரல் தப்பியது, நகம் போனது. நான் இழுத்தடித்த அந்த ஒரு வாரம் அவர் தினமும் அந்தக் களத்தில் நடந்திருக்கிறார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? வெறுங்காலோடு களத்தில் இறங்கக் கூடாது என்று சொல்வது எங்களுக்கு எளிது. களத்தில் இறங்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. கம்பவுண்டர் அண்ணன்தான் ஆலைக் கணக்குப்பிள்ளையிடம் நாலு முறை நடந்து பேசி, அவரை நிழலில் சாக்குத் தைக்கிற வேலைக்கு மாற்ற வைத்தார். எங்கள் வைத்தியத்தில் உருப்படியாக நடந்தது அதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசாவிலும் பெயர், வீட்டு விலாசம் அல்லது கணவர் பெயர், ஊர் மூன்றையும் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்து, அவர் தலையாட்டிய பிறகுதான் வாங்கி வைத்தேன்.

அந்த ஆலைப் பெண்ணுக்கு எழுத்து தெரியாது. அடுத்த வாரமே தன் சீசாவின் கழுத்தில் சாக்குத் தைக்கிற சணலைச் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். "இது என் சீசா. மாத்திப்புடாதீக தம்பி" என்றார். கோபம் துளியும் இல்லை. ஒரு வருடம் அந்தச் சணல் சீசா தவறாமல் வந்தது. அவரால் வர முடியாத நாளில் ஆலை வண்டிக்காரப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான்.

1985-இல் சிவகங்கை தனி மாவட்டமானது, நம் ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. என் படிப்பும் முடிந்தது. பங்குனியில் என் கடைசி ஞாயிறு. பொறுப்பை இரண்டாமாண்டு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். தராசு அளவுகள், எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். வரிசையில் சணல் சீசா வந்தபோது அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, இது யாருடையது, ஏன் முடிச்சு என்று சொன்னேன். அவனே குழாயில் ஊற்றி, கொதிநீரில் நிறுத்தினான். அவர் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு இளம்பச்சை.