வெள்ளரிப்பிஞ்சு விற்காத கேட்

“அந்தப் பெண் ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டேன். “படம் பார்த்து அழுதீர்களா?” என்றுதான் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் கேட்டிருந்தார். அவர் பார்த்த பார்வையில், டோக்கியோவுக்கு வந்த மூன்று வருடத்தில் நான் சேர்த்துவைத்த நற்பெயர் பாதி கரைந்துபோனது.

அவர் பார்க்கச் சொன்ன அனிமேஷன் படம், ஜப்பானிய இயக்குநர் மகோதோ ஷின்காய் 2007இல் எடுத்த ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’. செர்ரிப் பூவின் இதழ் அந்த வேகத்தில்தான் உதிர்கிறதாம். சிறுமி அகாரி, வகுப்புத் தோழன் தகாகியிடம் சொல்கிறாள். எங்கள் வீட்டில் சித்திரையில் வேப்பம்பூ உதிரும்போது யாரும் வேகம் பார்த்ததில்லை. அம்மா மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிடுவாள். காய்ந்தால் ரசத்துக்கு ஆகும்.

அகாரியின் குடும்பம் ஊர் மாறிப் போகிறது. இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரு பையன் எழுதும் கடிதத்தை வீட்டில் ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை! படம் முழுவதிலும் இது வெறும் கற்பனை என்று எனக்குத் தோன்றிய இடம் அது ஒன்றுதான்.

1995 மார்ச்சில் ஒருநாள், பனி கொட்டும் மாலையில், நாலு ரயில் மாறி அவளைப் பார்க்கப் போகிறான் தகாகி. ஏழு மணிக்கு இவாஃபுனே நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. ரயில் நட்ட நடு வயலில் நின்றுவிடுகிறது. அவன் கண் கலங்குகிறான், நான் சிரித்துவிட்டேன். நாலு மணி நேரத் தாமதமெல்லாம் நமக்கு ஒரு செய்தியா? இங்கே ஐந்து நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு ஒரு துண்டுச்சீட்டு தருகிறார்கள். எனக்குக் கிடைத்த முதல் சீட்டைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். “இதைக் காட்டினால் சாப்பாடு போடுவார்களா?” என்று கேட்டாள்.

பதினொரு மணிக்கு மேல் அவன் போய்ச் சேரும்போது, காத்திருப்பு அறையில் கணப்பு அடுப்பருகே தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறாள் அகாரி. மடியில், அவளே சமைத்த கட்டுச்சோறு. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆனால் என் வழக்கு அந்தக் கடைசிக் காட்சியோடுதான். வளர்ந்துவிட்ட இருவரும் ஒரு ரயில்வே கேட்டில் எதிரெதிரே கடந்து போகிறார்கள். கேட் விழுகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். இரண்டு ரயில்கள் குறுக்கே ஓடி மறைகின்றன. அந்தப் பக்கம் யாருமில்லை.

அந்தச் சாயலில் ஒரு கேட், டோக்கியோவின் சங்கூபாஷி ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். மணி அடித்தது, கேட் விழுந்தது, ரயில் போயிற்று, கேட் எழுந்தது. ஒரு கொட்டாவி விடக்கூட நேரமில்லை. யார், யாருக்காக, எப்படி நிற்பது?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் கேட் போட்டுவிட்டால் கால் மணி நேரம் உறுதி. பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். நுங்கு, அவித்த கடலை, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் ஜன்னலுக்கே வரும். இந்தக் கதை அங்கே நடந்திருந்தால் அகாரி எங்கே போயிருக்க முடியும்? அந்தப் பக்கமே நின்று நுங்கு தின்றுகொண்டிருப்பாள். இதை அடுத்த மேசைக்காரரிடம் விளக்கவும் செய்தேன். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது, மணி அடித்தால் சரியான இடத்தில் நிற்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த வாரம், அவளுடைய அப்பாவுக்குத் தர்மபுரிக்கு மாற்றல். சாமான் லாரி முதல் நாளே போய்விட்டது. அவர்கள் ஏறும் பஸ்ஸை கேட்டில் நிறுத்துவார்கள் என்று நம்பித்தான் சைக்கிளை மிதித்தேன். நிறுத்தினார்கள். பாசஞ்சர் ரயில் தாமதம் வேறு. இருபத்தைந்து நிமிடம், ஜன்னலிலிருந்து நாலடி தூரத்தில், சைக்கிள் செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றேன். மிளகாய்ப்பொடி அதிகமாகிவிட்டது, வேறு வெள்ளரிப்பிஞ்சு கொடுங்கள் என்று விற்பவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வேறு ஒன்றைக் கீறி உப்புத் தடவும்போது கேட் திறந்தது.