செயற்கைக்கோள் வானிலைத் தாள்: முதலில் கடலா, நிலமா என்று பாருங்கள்

செயற்கைக்கோள் வானிலைத் தேர்வின் முடிவு வந்தாயிற்று. தேறினாலும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. 16 மதிப்பெண் கேள்வியில் பாதி போனது ஒரே ஒரு குழப்பத்தால். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்: நுண்ணலைக் கேள்வி எது வந்தாலும், விடை எழுதுமுன் ஓரத்தில் 'கடல்' அல்லது 'நிலம்' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் உமிழ்திறன், அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தை எந்த அளவு கதிர்வீச்சாக வெளிவிடுகிறது என்பது (முழுமையாக என்றால் 1). 19 கிகாஹெர்ட்ஸில் கடலுக்கு அது ஏறக்குறைய 0.5. கடல்நீர் 300 கெல்வினில் இருந்தாலும் கருவிக்குக் குளிர்ந்த பரப்பாகவே தெரியும். அதன்மேல் மழை பெய்தால் துளிகளின் உமிழ்வு சேர்ந்து ஒளிர்வு வெப்பநிலை (கருவி அளக்கும் கதிர்வீச்சை வெப்பநிலையாகச் சொல்வது) ஏறும். நிலத்தின் உமிழ்திறன் 0.9 அளவு, பின்னணியே சூடு, மழை அதில் கரைந்துபோகும். நிலத்துக்கு 89 கிகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். அங்கே கதை தலைகீழ்: மேகத்தின் மேற்பகுதிப் பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்வீச்சைச் சிதறடிப்பதால் மழை குளிராகத் தெரியும். பனியே இல்லாத தாழ்மேக மழை இதற்கும் சிக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடலோரச் சரிவில் பருவமழையைச் செயற்கைக்கோள் குறைத்துச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த உதாரணத்தை எழுதினால் திருத்துபவர் நின்று படிப்பார்.

ஏவிய தேதிகளை உருப்போடுவது வீண். வெப்பமண்டல மழையைப் பார்க்க ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளுக்கு 2011 அக்டோபர் 12 என்று எழுதினால் யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அதன் சுற்றுப்பாதையின் சாய்வு ஏன் 20 பாகை என்பதே கேள்வி. துருவச் சுற்றுப்பாதைக் கோள் வெப்பமண்டலத்தின் ஓர் இடத்தை நாளுக்கு இரண்டு முறை, அதுவும் ஏறக்குறைய அதே நேரங்களில்தான் பார்க்கும். இடிமேகம் அதற்குள் பிறந்து செத்துவிடும். சாய்வு குறைந்தால் பார்வைகள் கூடும், உள்ளூர் நேரமும் நாளுக்கு நாள் நகரும். (அதிலிருந்த நுண்ணலைப் படக்கருவியின் பெயர் மெட்ராஸ். பெயர் நம்ம ஊர்தான், ஆனால் 2013 ஜனவரியிலேயே நின்றுபோனது.)

மற்றவை, வேகமாக:

- சஃபீர் (மேகா-டிராபிக்ஸின் ஈரப்பதக் கருவி): 183.31 கிகாஹெர்ட்ஸுக்கு ±0.2 என்றால் மேலடுக்கு ஈரப்பதம், ±11 என்றால் கீழடுக்கு. மாற்றி எழுதாதீர்கள்.
- அகச்சிவப்பு மழைக் கணக்கு: 235 கெல்வினுக்குக் கீழுள்ள மேகப்பங்கு × 3 மிமீ × மணி. பங்கு 0.4, மூன்று மணி என்றால் 3.6 மிமீ. 'மெல்லிய சிர்ரஸும் (உயரத்து இழைமேகம்) குளிர்ச்சிதான், ஆனால் பெய்யாது' என்று ஒரு வரி சேருங்கள்.
- டிவோராக் (மேகப்படத்திலிருந்து புயலின் வலிமையைக் கணிக்கும் முறை): புயல் வலுவிழக்கும்போது டி எண்ணை (அப்போதைய மேக அமைப்பு தரும் எண்) வைத்துக் காற்றின் வேகம் எழுதக்கூடாது. 5.0 சற்றுமுன் 4.0 ஆக இறங்கியிருந்தால் விடை 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) அல்ல, 90. முதல் 12 மணி நேரம் சிஐ எண் (காற்றின் வேகத்தைத் தரும் நடப்பு வலிமை எண்) பழைய உச்சத்திலேயே நிற்கும்.

படக் கேள்வியில் அலைவரிசையைத் தேடுமுன் நேரத்தைப் பாருங்கள். 18 யுடிசி (உலகப் பொதுநேரம்) நமக்கு இரவு 11:30; சூரிய ஒளியில் எடுக்கும் கட்புலப் படமாக இருக்கவே முடியாது. இரவில் 3.9 மைக்ரான் அகச்சிவப்புப் படத்தில் மூடுபனி 10.8 மைக்ரான் படத்தைவிடக் குளிராக இருக்கும்; ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மூடுபனி தெரியும். பகலில் சூரிய ஒளி கலந்துவிடுவதால் அந்தக் கழித்தல் செல்லாது.